சேகர் மச்சானின் மக்ரோனிக்கு உப்பு போட்டவர்கள்

எந்தக் கடலில் இருந்தாலும் எங்கள் பசியை விசாரித்த என் அன்பு சேகர் மச்சானுக்கு,

சௌக்கியமா என்று கேட்டால் சிரிப்பாய். பழக்க தோஷம், கேட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள் என்று உன் மருமகள், என் பெண் திவ்யா சொல்லியிருக்கிறாள். அதனால் உன்னைத் திட்டுவதைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். பத்தாவது வரை படித்து, கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் எழுதும் தமிழ் இது. தப்பிருந்தால் நீ சிரி. மற்றவர்கள் மன்னிக்கட்டும்.

உன்னை எதற்குத் திட்டுகிறேன்? அந்த மக்ரோனிக்குத்தான். இந்தக் காணும் பொங்கலுக்கு அது என்னை என்ன பாடு படுத்தியது தெரியுமா? கலா அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக் கடலில் வீசுவாளா, என்னைத் தூக்கி வீசுவாளா என்று தெரியாமல் ஒரு பகல் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன் மச்சான்.

நமக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்குத் தெரியாதே, அவர்களுக்காகச் சொல்கிறேன். என் மனைவி கலாவின் அண்ணன் நீ. கப்பலில் சமையல்காரன். ஒருமுறை அமெரிக்காவில் பிலடெல்பியா துறைமுகத்தில் கப்பல் நின்றபோது ஊருக்குள் இருந்த சந்தைக்குப் போனாய். தலையில் வெள்ளைத் தொப்பி கட்டிய பெண்கள் அங்கே கடை வைத்திருந்தார்கள். ஆமிஷ் என்று ஒரு சனம், வீட்டுக்குக் கரண்ட் இழுக்க மாட்டார்கள், கார் வாங்க மாட்டார்கள், குதிரை வண்டியில்தான் போவார்கள் என்று வந்து சொன்னாய். “நம்ம ஏரியாவுலயும் கரண்ட் கெடையாது மச்சான், ஆனா நாம வேணாம்னு சொல்லல” என்றேன். பக்கத்திலேயே மின்சாரம் எடுக்கிற புகைபோக்கி நிற்கிறது, எங்கள் தெருவில் விசிறி நிற்கிறது என்று எனக்கு அன்றைக்கும் கோபம்தான்.

அந்தக் கடையில் ஒரு டப்பா மக்ரோனி சேலட் வாங்கித் தின்றுவிட்டு, திரும்பவும் வரிசையில் நின்று, இதை எப்படிச் செய்வது என்று அந்த அம்மாவிடம் கேட்டு வந்தவன் நீ. சர்க்கரையும் வினிகரும் கடுகும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய சாஸ். அதில் வேகவைத்து ஆறின மக்ரோனிக் குழல், அவித்த முட்டை, குடைமிளகாய், வெங்காயம், வினிகரில் ஊறின வெள்ளரி. இனிக்கும், புளிக்கும், ஜில்லென்று இருக்கும். அவர்கள் ஊரில் சனம் கூடிச் சாப்பிடும்போது ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவார்களாம். அதில் இது இல்லாமல் இருக்காதாம். “அப்பிடியே நம்ம காணும் பொங்கல் மாதிரி மோகன்” என்றாய். அமெரிக்காவில் செலரி என்று ஒரு தண்டு போடுவார்களாம். அது காசிமேட்டில் எங்கே கிடைக்கும்? நீ முட்டைக்கோஸ் தண்டைப் பொடியாக நறுக்கிப் போட்டாய். கடித்தால் நறுக்கென்று சத்தம் வந்தது. அது போதாதா?

காணும் பொங்கலுக்கு நம் சனம் எண்ணூர் நெட்டுக்குப்பம் கடற்கரையில் கூடும், வீட்டுக்கு ஒரு பாத்திரத்தோடு. நீ ஊரில் இருக்கும் வருடம் உன் பாத்திரத்தில் வறுத்த மீன் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. மக்ரோனி இருந்தால் உனக்கு அடுத்த கப்பலுக்கு அழைப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். “நான் போகிறேன்” என்று வாயைத் திறந்து ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாயா? பொங்கல் இல்லாத மாதத்தில் அழைப்பு வந்தால் எங்கள் மொட்டை மாடியிலாவது பாயை விரித்து அந்தப் பாத்திரத்தை நடுவில் வைத்துவிடுவாய்.

அதற்கு ஒரு சட்டம் வேறு. உன் தங்கை வாயில் வைக்கும் முன்னால் யாரும் தொடக் கூடாது, செய்கிற நீகூட. அவள் ஒரு ஸ்பூன் எடுத்து மென்று, “உப்பு கம்மிண்ணா” என்பாள். நீ, “திரும்பி வந்து போட்டுக்கிறேன்” என்பாய். அவ்வளவுதான் நீங்கள் இரண்டு பேரும் விடைபெறுவது. நிஜமாகவே உப்பு குறைவாகத்தான் இருக்கும். வேண்டுமென்றே குறைப்பாய் என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. என் மூளை அவ்வளவுதான்.

கடைசித் தடவை மட்டும் அவள் ஸ்பூனை வைத்துவிட்டு, “இன்னிக்கி உப்பு கரெக்டா கீதுண்ணா” என்றாள். எல்லோரும் கை தட்டினோம். உங்கள் சரோஜா சித்தி, “இத்தினி வருசத்துக்கு இப்பதான் சமைக்கக் கத்துகினான்” என்று உன் காதைத் திருகினாள். நீ எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லையே. அந்தப் பயணத்தில்தான் அடுப்பு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். பிறகு பெட்டியில் வந்தாய். இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

“அவன் திரும்பி வர்றதுக்கு ஒரு வேல பாக்கி இருந்துச்சி. அத்த நானே முடிச்சி அனுப்பிட்டேன்யா” என்று கலா என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் மக்ரோனி என்ற பேச்சே வீட்டில் கிடையாது. கடைக்குப் போனால் அந்தப் பாக்கெட் தொங்கும் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டாள்.

இப்போது இங்கத்திய செய்திக்கு வருகிறேன். நீ போன பிறகு இது மூன்றாவது காணும் பொங்கல். திவ்யா கப்பல் சமையலுக்குப் படித்தாள். கலாவுக்குத் தெரிந்துதான் படித்தாள். “பொம்பளப் புள்ளய எவன் கப்பல்ல கூப்பிடப் போறான், படிச்சிட்டுப் போவட்டும்” என்று அவள் விட்டிருந்தாள். படித்து முடித்து ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்த திவ்யா, மார்கழியில் ஒருநாள் மாடிப்படியில் என்னை மடக்கினாள்.

“நைனா, கப்பல்லேர்ந்து ஜாயினிங் வந்துடுச்சி. பொங்கல் முடிஞ்சி ஃபிளைட்டு.”

எனக்குச் சந்தோஷமா, பயமா என்று தெரியவில்லை.

“அம்மாக்கிட்ட நீதான் சொல்லணும்” என்றாள்.

“நானா?”

“நான் சொன்னா அது அழுவும். அழுதா என்னால போவ முடியாது. அம்மா வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நான் போவ மாட்டேன் நைனா. சத்தியமா போவ மாட்டேன். ஆனா கேக்காம மட்டும் விட்டுடாத.”

பத்து டன் கன்டெய்னரைத் தூக்கி வைக்கிறவன் நான். இந்த ஒரு வாக்கியத்தைத் தூக்க முடியவில்லை. ஒருநாள் காலையில் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு சமையல்கட்டில் போய் நின்றேன்.

“கலா.”

“இன்னா?”

“ஒண்ணுல்ல. காபியில சக்கர கரெக்டா கீது.”

“யோவ், அது டீ.”

இன்னொரு நாள் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தேன். “இன்னாயா, ஒடம்பு சரியில்லியா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். கஷாயம் வந்தது. குடித்தேன்.

பொங்கல் நெருங்கிவிட்டது. திவ்யா தினமும் என் முகத்தைப் பார்ப்பாள், நான் சுவரைப் பார்ப்பேன். கடைசியில் அவளே சொன்னாள்: “விடு நைனா. மாமா மாதிரியே சொல்லிடலாம்.”

மக்ரோனியைச் செய்து வைத்துவிடலாம் என்கிறாள். நெட்டுக்குப்பத்தில், சனம் அத்தனை பேர் முன்னால், கலா கண்ணில் படவே கூடாத அந்தப் பாத்திரத்தை வைப்பதா? அவள் எழுந்து போய்விட்டால்? “வேணாம்” என்று அங்கேயே சொல்லிவிட்டால் பெண்ணின் கதை அதோடு முடிந்ததே! ஆனால் எனக்கு வேறு வழி சொல்லத் தெரிந்ததா? காபிக்கும் டீக்கும் வித்தியாசம் தெரியாத வாய் இது.

எங்கள் வீட்டில் செய்ய முடியாது. உன் தோஸ்து பாஷா பாயைப் பிடித்தோம். உன் கடைசிக் கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தவர் இப்போது கரையோடு நின்றுவிட்டார் மச்சான். தண்டையார்பேட்டையில் சொந்த ஆட்டோ ஓட்டுகிறார். அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா, “எங்க அடுப்பு உங்க அடுப்பு” என்று சாவியைக் கொடுக்காத குறை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. நான் உதவுகிறேன் என்று போய், அஞ்சறைப்பெட்டியில் இருந்த நம் கறுப்புக் கடுகை மிக்ஸியில் அரைத்து, கரண்டி கரண்டியாகச் சாஸில் கொட்டினேன். நீ வாங்கிவருவது பாட்டிலில் மஞ்சளாக இருக்குமே, அது வேறு கடுகு என்று எனக்கு எப்படித் தெரியும்? கடுகு என்றால் கடுகு. பாஷா பாய் ஒரு வாய் வைத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். “மாமு, இது சேலட்டா, சளி மருந்தா?” அடுப்பில் மிச்சமிருந்த சாஸ் அதற்குள் திரிந்து முட்டைப் பொரியலாகிவிட்டது. திவ்யா என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். “நைனா, நீ இனிமே வெங்காயம் மட்டும் உரி.”

காணும் பொங்கலன்று காலை. பாஷா பாயோடு போய்ப் பிரியாணி வாங்கி வருகிறோம் என்று கலாவிடம் சொல்லிவிட்டு நானும் திவ்யாவும் கிளம்பினோம். அவள் இறால் தொக்கை இறக்கிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பிரியாணி வாங்கறதுக்கு இன்னாத்துக்குயா ரெண்டு பேரு?” செருப்பை மாட்டினேன். இடது கால் செருப்பை வலது காலில்.

நூர்ஜஹான் அக்கா வீட்டில் திவ்யா அடுப்பைச் சின்னதாக வைத்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தை ஏற்றி, முட்டையும் சர்க்கரையும் வினிகரும் மஞ்சள் கடுகும் சேர்த்துக் கிளறினாள். கை நிற்கவே இல்லை. கிளறி முடித்ததும் கரண்டியைச் சட்டியில் தட்டவில்லை, விளிம்பில் வழித்தாள். கப்பலில் ராத்திரி வாட்ச் டியூட்டி முடித்துத் தூங்குகிறவன் எழுந்துவிடக் கூடாது என்று நீ அப்படித்தான் வழிப்பாய். இவள் எப்போது பார்த்தாள்? பாஷா பாய் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

“உப்பு கம்மியாதான் போடணும் நைனா. அப்பதான் அம்மா அந்த வார்த்தைய சொல்லும்” என்றாள் திவ்யா. தலையாட்டினேன். அவள் சாஸில் ஒரு சிட்டிகை போட்டாள். யாரும் ருசி பார்க்கவில்லை. உன் சட்டம்.

பொங்கல் வெயிலில் முட்டைச் சாமான் தாங்காது. பாஷா பாய் காசிமேட்டில் மீன் போடுகிற தெர்மகோல் பெட்டி ஒன்றும், ஒரு சாக்கு உடைத்த ஐஸும் கொண்டுவந்தார். பெட்டியை சோப்புப் போட்டு எத்தனை தடவை தேய்த்தாலும் வஞ்சிர வாசனை போகவில்லை. பாத்திரத்துக்கு இறுக்கமாக மூடி போட்டு, துணியைச் சுற்றி, ஐஸுக்கு நடுவில் இறக்கினோம். அந்தப் பெட்டியை ஆட்டோவில் என் மடியில் வைத்துக்கொண்டேன்.

எண்ணூர் நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பண்டிகை நாளிலும் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. நடுவில் மாட்டிக்கொண்டோம். ஐஸ் உருகி என் பேன்ட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பாஷா பாய் சாதாரணமாகச் சொன்னார்:

“நூர்ஜஹான் ரொம்பக் கவலப்பட்டா மாமு. நீங்க முட்ட உரிச்சிகினு இருந்தப்ப, பாவம் பதட்டத்துல உப்பு மறந்துட்டாங்க போலன்னு அவளே ஒரு கை போட்டுக் கலந்து வுட்டாளாம்.”

திவ்யா மெதுவாகத் திரும்பினாள். “நான் சாஸ்ல போட்டேனே பாய்.”

“நானும் போட்டேன்” என்றேன். “மக்ரோனி வேகுற தண்ணியில. வடிக்கிற தண்ணிதானன்னு.”

“எவ்ளோ நைனா?”

“கொஞ்சம்தான்.”

“கொஞ்சம்னா?”

கையைக் குவித்துக் காட்டினேன். கல்லுப்பு. என் கை அளவு உனக்குத் தெரியும்.

பாஷா பாய் கண்ணாடி வழியாக என் கையைப் பார்த்தார். “யா அல்லா. இது சேலட் இல்ல மாமு, கருவாடு.”

பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அந்த வார்த்தையைக் கலா சொன்னால்தானே பெண் போக முடியும்? கரிக்கிற சேலட்டைத் தின்றுவிட்டு எந்த வாயால் உப்பு கம்மி என்று சொல்வாள்?

“ஒரு வாய் பாத்துடலாம். கரிச்சா திரும்பிப் போய்க் கழுவிட்டு வேற சாஸ் ஊத்திடலாம்” என்றேன்.

“கூடாது நைனா. அம்மாதான் மொதல்ல.”

“இன்னாடி பிடிவாதம்! மாமா இல்ல, மாமா சட்டம் மட்டும் கீதா?”

“அத்தயும் வுட்டுட்டா அப்புறம் இன்னா நைனா கீது?”

பாஷா பாய் ஆட்டோவை ஓரம் கட்டினார். “திருப்பட்டா திவ்யா? பிரியாணியே வாங்கிகினு போய்டலாம். வேற நாளு சொல்லிக்கலாம்.”

அவள் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். வேறு நாள் ஏது? அந்த வாரமே விமானம். “போங்க பாய்” என்றாள்.

நெட்டுக்குப்பத்தில் கூட்டமான கூட்டம். கடலில் இறங்காதே என்று போலீஸ் மைக்கில் கத்திக்கொண்டிருந்தது. நம் சனம் வழக்கமான இடத்தில் தார்ப்பாய் விரித்திருந்தது. தூரத்தில் எண்ணூர்த் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டிய கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. புளிச்சோறு, கலாவின் இறால் தொக்கு, சரோஜா சித்தியின் சுறாப்புட்டு, வடை. நடுவில் ஒரு பாத்திரத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பிரியாணிக்கு.

நான் பெட்டியைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தேன். “பிரியாணிய இன்னாடா ஐஸ்ல போட்டுக் கொணாந்துகீற?” என்றாள் சித்தி. பாஷா பாய் மூடியைத் திறந்தார். முதலில் வஞ்சிர வாசனை. அடுத்து வினிகர் வாசனை. மஞ்சள் நிறத்தில், அவித்த முட்டைத் துண்டு மேலே அடுக்கி, அப்படியே உன் பாத்திரம்.

வடைக்குக் கை நீட்டிய சித்தி கையை இழுத்துக்கொண்டாள்.

“யாரு செஞ்சது இது?” கலா கேட்டாள். சத்தமே இல்லாத குரல். அந்தக் குரலுக்குத்தான் நான் பயப்படுவேன்.

“நான்தான்” என்றேன். வாழ்நாளில் நான் சொன்ன ஒரே வீரமான பொய்.

“நீயா?” என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீ எங்கய்யா போற?”

யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் கண் என்னை விட்டு பாஷா பாய்க்குப் போனது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் திவ்யாவிடம் போய் அங்கேயே நின்றது.

திவ்யா வாயைத் திறக்கவில்லை. உன் மருமகள்தானே!

கலா எழுந்தாள். பாத்திரத்தை எடுக்கக் குனிகிறாள் என்று நினைத்து இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவள் தாண்டிப்போய், அலை தொடும் இடத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். போலீஸ் மைக் அவளைத்தான் திட்டியது. அவள் நகரவில்லை. கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திவ்யா எழப் போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இறால் தொக்கு ஆறி எண்ணெய் மேலே மிதந்தது. ஒருவரும் சாப்பிடவில்லை. சித்திகூட!

கலா திரும்பி வந்து திவ்யாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். புடவை ஓரம் நனைந்திருந்தது.

“இன்னா கப்பலு?”

“கன்டெய்னர் கப்பலும்மா.”

“எத்தினி மாசம்?”

“ஒம்போது.”

“சமையலா?”

“ட்ரெய்னி குக்கு.”

“உங்க மாமனும் அதாண்டி பண்ணான்.”

“தெரியும்மா.” திவ்யாவின் குரல் உடைந்தது. “நீ வேணாம்னா போவல. இங்கியே இருந்துடறேன். சத்தியமா உன்மேல கோவப்பட மாட்டேன்.”

“ஆமா, கோவப்பட மாட்ட. டெய்லி சாயந்திரம் மாடியில நின்னுகினு கடலப் பாத்துகினு இருப்ப. அத்த நான் பாத்துகினு இருக்கணும்.” மூக்கை உறிஞ்சினாள். “ஸ்பூன் எங்க?”

ஸ்பூன் கொண்டுவரவில்லை மச்சான். அவ்வளவு திட்டம் போட்டு, ஐஸ் வாங்கி, பெட்டி தேய்த்து, ஸ்பூனை மறந்துவிட்டோம். சித்தி புளிச்சோற்றுக் கரண்டியைத் துடைத்து நீட்டினாள். கலா அதில் அள்ளினாள். முட்டைத் துண்டோடு, நிறைய. எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை.

வாயில் போட்டாள். மென்றாள். முதல் மெல்லிலேயே அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். புருவம் ஏறியது, கண்ணில் தண்ணீர் கோத்தது. என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது எந்தக் கை என்று தெரியாதா? பாஷா பாய் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கவில்லை. கடைசித் துணுக்கு வரை நிதானமாக மென்று விழுங்கினாள்.

“உப்பு கம்மி” என்றாள்.

திவ்யாவுக்குப் பேச்சு வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கலா அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, அதட்டினாள்:

“உப்பு கம்மின்னு சொல்றேன்ல. இன்னாடி பதிலு?”

“திரும்பி வந்து போட்டுக்கிறேம்மா.”

“ம்” என்றாள் கலா. பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

உன் தங்கை தொட்டுவிட்டால் மற்றவர்களும் தொடலாம் அல்லவா? சரோஜா சித்தி ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். அடுத்த நொடி தார்ப்பாயைத் தாண்டி மணலில் துப்ப ஓடினாள். “அடப் பாவிங்களா! கடலையே மொண்டு ஊத்திகீறானுங்களேடா! இது உப்பு கம்மியாடி கலா? உன் நாக்கு செத்துப்போச்சா?” கலா திரும்பிப் பார்க்கவே இல்லை. “உனுக்கு ருசி தெரில சித்தி, வுடு” என்றாள். சனம் அத்தனையும் சிரித்தது. பாஷா பாய் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் மட்டும் வெங்காயம் உரித்த கை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தப் பாத்திரத்தில் மற்றவர்கள் தொடாததை எல்லாம் கலாவே தின்றாள். அன்றைக்கு அவள் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை. ஆட்டோவில் வரும்போது என் காதோரம், “கல்லுப்பு உன் வேலதான?” என்றாள். ஆமாம் என்றேன். “நெனச்சேன்” என்று என் தொடையில் கிள்ளினாள். இன்னும் அந்த இடம் கறுப்பாக இருக்கிறது. நீ இருந்தால் காட்டியிருப்பேன்.

திவ்யா போய்விட்டாள். விமான நிலையத்தில் கலா அழவில்லை, நான் அழுதேன். இப்போது சிங்கப்பூர் தாண்டிவிட்டது என்கிறார்கள். சிக்னல் கிடைக்கும்போது கப்பல் அடுப்பைப் படம் பிடித்து அனுப்புகிறாள். கலா அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டி சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிறாள். அப்புறம் மாடிக்குப் போய் நிற்கிறாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஒரு வாய் கரிப்பை விழுங்கும்போது அவள் உன்னைத்தான் நினைத்தாளா? அவளிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. உன்னிடம் கேட்டால் நீ சிரிப்பாய். யாரிடம்தான் கேட்பது?

ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். உன் மருமகள் இறங்கி வரும்வரை உன் தங்கையைத் தனியாகக் கடல் பார்க்க விட மாட்டேன். சாயந்திரம் யார்டிலிருந்து வந்ததும் நானும் மாடிக்குப் போவேன். பக்கத்தில் நிற்பேன். டீயைக் காபி என்று சொல்லியாவது அவளைத் திட்டவைப்பேன். திவ்யா வந்த அன்று வெங்காயம் உரிப்பேன், முட்டை உரிப்பேன், ஸ்பூனை மறக்காமல் எடுத்து வைப்பேன். உப்பு டப்பா பக்கம் மட்டும் போக மாட்டேன். அது அவள் வந்து போட வேண்டியது.

உன் தங்கச்சி வீட்டுக்காரன், திவ்யாவின் நைனா,
மோகன்